பூட்டிய லாரியும் களியக்காவிளை டீக்கடையும்

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இந்தப் பக்கத்தில், 'ஹெச்டிடிபிஎஸ் இருந்தால் நடுவில் நிற்கிறவர் யாராலும் படிக்க முடியாது' என்று எழுதிவிட்டேன். (பிரவுசருக்கும் இணையதளத்துக்கும் நடுவில் போவதைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கி, அதாவது 'பூட்டி', அனுப்பும் முறைதான் ஹெச்டிடிபிஎஸ்.) வந்த கடிதங்களில் பாதி என்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறவை. 'படிக்க முடியாது என்றால், எங்கள் ஆபீஸ் ஃபயர்வால் மட்டும் இது யூடியூப், இது வாட்ஸ்அப் என்று எப்படிப் பிரித்து எழுதுகிறது?' என்பதுதான் எல்லாக் கடிதத்துக்கும் சாரம். ஃபயர்வால் என்பது ஆபீஸ் இன்டர்நெட்டின் வாசலில் நின்று, எது போகலாம், எது கூடாது என்று பார்க்கும் பெட்டி. ஆகவே இந்த முறை வேறு கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பார்சலின் மேல் 'மாம்பழம்' என்று எழுத முடியுமா? முடியாதே. பிறகு ஃபயர்வால் மட்டும் எப்படி?
ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் ஊழியர், தக்கலை

முடியும் சார். நானே பார்த்திருக்கிறேன்.

என் தாய்மாமாவுக்குக் களியக்காவிளையில், சோதனைச்சாவடிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் அங்கேதான். கிளாஸ் கழுவுவேன், பழம்பொரி பொட்டலம் கட்டுவேன். ராத்திரி டியூட்டிப் போலீஸ்காரர்கள் கட்டன்சாயா குடிக்க வருவார்கள். தார்ப்பாய் இறுக்கிய லாரிகள் வரிசையாகக் கேரளாவுக்குள் போய்க்கொண்டிருக்கும். பத்து வண்டியைப் போகவிட்டுவிட்டுப் பதினொன்றாவதை மட்டும் கைகாட்டி ஓரங்கட்டுவார்கள். தார்ப்பாயை அவிழ்த்தால் ரேஷன் அரிசி மூட்டை. எப்படித் தெரிந்தது என்று ஒருநாள் ஏட்டு ஒருவரிடம் கேட்டேன். "வண்டி நடையைப் பாத்தாலே மனசிலாயிரும்லே" என்றார். பின்பக்கம் உப்புத் தண்ணீர் சொட்டினால் மீன். சரக்குச் சீட்டில் வைக்கோல் என்று எழுதியிருக்கும், ஆனால் பட்டை அமுங்கி டயர் பிதுங்கும். வைக்கோலுக்கு ஏது அந்தப் பாரம்? இதையெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்: "பாதி நேரம் லாரியைப் பாக்கவே மாட்டோம். அதுக்கு முன்னால ஒரு பைக் வரும் பாரு, சாவடில யாரு நிக்கான்னு நோட்டம் பாத்துட்டுத் திரும்பிப் போகும். அந்தப் பைக்கைத்தான் பாப்போம்."

ஃபயர்வாலுக்கும் முதலில் சிக்குவது அந்தப் பைக்தான். உங்கள் ஃபோன் யூடியூபைத் திறப்பதற்கு முன்னால், 'யூடியூபின் ஐபி முகவரி என்ன?' என்று, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். வழக்கமாக அந்தக் கேள்வி 53-ஆம் போர்ட்டில் (போர்ட் என்றால் எண் போட்ட வாசல்) பூட்டு எதுவும் இல்லாமல் போகும். லாரி கிளம்பும் முன்பே அது எங்கே போகப்போகிறது என்று சாவடிக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது, லாரி தானே தன் வாயால் சொல்வது. பூட்டு போடுவதற்கு முன்னால் உங்கள் பிரவுசரும் அந்தப் பக்கத்து சர்வரும் எந்தப் பூட்டு, எந்தச் சாவி என்று பேசி முடிவு செய்தாக வேண்டும். இந்தப் பூட்டு முறைக்கு டிஎல்எஸ் என்றும், அந்தப் பேச்சின் முதல் செய்திக்கு 'கிளையன்ட் ஹலோ' என்றும் பெயர். அது வெளிச்சத்தில்தான் நடக்கும். போன ஞாயிற்றுக்கிழமை என் மகளை மடிக்கணினி முன்னால் உட்காரவைத்து, நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலைத் திறந்து, தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போகச் சொன்னேன். திரையின் இடதுபக்கம் எண் வரிசை. முதல் மூன்று பைட் 16 03 01. பெரும்பாலும் இந்த மூன்றைப் பார்த்தாலே 'ஓ, டிஎல்எஸ் பேச்சுவார்த்தை தொடங்குகிறது' என்று ஃபயர்வால் நிமிர்ந்து உட்காரும். வலதுபக்கம் அதே பைட்கள் எழுத்தாக. முக்கால்வாசி வெறும் புள்ளிகள், நடுநடுவே பூனை கீபோர்டில் நடந்ததுபோல் சில எழுத்து. அந்தக் குப்பைக்கு நடுவில், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் விக்கிப்பீடியாவின் முழு முகவரிப் பெயர் உட்கார்ந்திருந்தது. "அப்பா, இதை யாரும் பூட்டவே இல்லையே!" என்றாள். ஆமாம், பூட்டவில்லை.

அந்த இடத்துக்கு எஸ்என்ஐ என்று பெயர். 2003-இல் எல்லாரும் பின்பற்றும் பொதுத் தரமாக எழுதிவைத்தார்கள். ஒரே ஐபி முகவரியில் நூறு இணையதளம் குடியிருக்கும்போது, வந்தவர் யாரைத் தேடி வந்திருக்கிறார் என்று தெரியாமல் 'நான் இன்னார்' என்று நிரூபிக்கும் சான்றிதழ்களில் எதை சர்வர் காட்டும்? அதனால் பெயரை முதலிலேயே உரக்கச் சொல்லிவிடும் ஏற்பாடு. அதற்குப் பதிலாக சர்வர் அனுப்பும் சான்றிதழும் பழைய டிஎல்எஸ் 1.2 வரை திறந்தே போனது. 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 சான்றிதழை மறைத்தது. எஸ்என்ஐ பெயரை மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு பூட்டு விழுந்துவிடும். விக்கிப்பீடியாவில் என் மகள் எந்தக் கட்டுரை படித்தாள், என்ன தேடினாள் என்பதை வயர்ஷார்க்கால் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அதில் ஒரு நிம்மதி. ஆகவே போன இதழில் நான் எழுதியது பொய் இல்லை, ஆனால் அரைகுறை.

கேள்வி: என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகிறது, போட்டோ போகிறது, வாய்ஸ் மெசேஜ்கூடப் போகிறது. கால் செய்தால் மட்டும் 'கனெக்டிங்' என்றே நிற்கிறது. எல்லாமே பூட்டித்தானே போகிறது? இது கால் என்று எப்படித் தெரியும்?
வாசகி, குளச்சல்

சகோதரி, நம் மாவட்டத்தில் பாதி வீட்டுக் கேள்வி இது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இன்டர்நெட் வழி பேசுவதற்கு அனுமதி பெற்ற செயலிகள் மட்டுமே ஓடலாம் என்பது அங்குள்ள விதி. அந்தப் பட்டியலில் வாட்ஸ்அப் கால் பல வருடமாக இடம்பெறவில்லை.

எப்படித் தெரிகிறது என்றால், மெசேஜும் காலும் ஒரே செயலிக்குள் இருந்தாலும் ரோட்டில் போகும் விதம் வேறு. வாய்ஸ் மெசேஜ் என்பது பேசி முடித்த பிறகு ஃபைலாக ஏறிப் போவது. போட்டோ மாதிரிதான், ஒரு தடவை மூட்டையாக ஏறும், முடிந்தது. கால் அப்படி இல்லை. நீங்கள் பேசப் பேச, குரலைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்ப வேண்டும். இன்டர்நெட் வழிப் பேச்சில் வழக்கமான கணக்கு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டு, அதாவது செகண்டுக்கு 50. செயலிக்குச் செயலி இது மாறும். ஆனால் எல்லாமே சின்னச் சின்ன பாக்கெட், கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே தாளத்தில், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும். யாராவது இரண்டு பேர் பேசிக்கொள்வதைத் தவிர இந்தத் தாளத்தில் ஓடுவதற்கு வேறு சங்கதி அதிகம் கிடையாது.

தாளம் தொடங்குவதற்கு முன்னாலேயே பிடிப்பதற்கும் வழி உண்டு. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு ஃபோன்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க 'ஸ்டன்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலும் யுடிபி என்ற போக்குவரத்து வகையில் 3478-ஆம் போர்ட். இப்போதைய தரப்படி வரும் ஒவ்வொரு ஸ்டன் பாக்கெட்டிலும், ஒரே இடத்தில், ஒரே நான்கு பைட் குறி இருக்கும். ஆட்டுக்குக் காதில் அடையாளம் போட்ட மாதிரி. அந்தக் குறியோடு வாட்ஸ்அப் சர்வர் முகவரிக்குப் போகிறதென்றால் கால்தான். அதைக் கீழே போட்டுவிட்டால் உங்களுக்கு 'கனெக்டிங்', 'கனெக்டிங்'. மெசேஜுக்கு அந்த ஏற்பாடு தேவையே இல்லை, அதனால் அது பாட்டுக்குப் போகிறது.

விபிஎன், அதாவது எல்லாவற்றையும் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் செயலி, போடச் சொல்லி ஊரில் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் அங்கே 2021-ஆம் வருடச் சட்டப்படி அபராதமே 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. அனுமதி உள்ள செயலி எதுவென்று அவரிடமே கேட்டு, அதை நீங்களும் இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் பில் போடும் பிள்ளைகள் யூடியூப் பார்க்கிறார்கள் என்று, 40 ஆயிரத்துக்கு மேல் கொடுத்து ஃபயர்வால் வாங்கி, யூடியூபைத் தடுத்தேன். கம்ப்யூட்டரில் சில சமயம் நிற்கிறது, சில சமயம் ஓடுகிறது. ஃபோனில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
ஜவுளிக்கடைக்காரர், மார்த்தாண்டம்

ஏமாறவில்லை அண்ணாச்சி. வாங்கின அன்று மாட்டிவிட்டுப் போனவர் ஒரு டிக் போடாமல் போயிருக்கிறார்.

கூகுளின் தளங்கள் இப்போது க்விக் என்ற வழியில் ஓடுகின்றன. 2021 மே மாதம் தரமாக அறிவிக்கப்பட்டது. பழைய வழி டிசிபி என்றால் இது யுடிபி, போர்ட் அதே 443. டிசிபியை மட்டும் உற்றுப் பார்க்கப் பழகிய ஃபயர்வாலுக்கு இது பக்கத்து ஒழுங்கை வழியாகப் போகிற வண்டி. க்விக்கில் முதல் ஹலோவும் பூட்டித்தான் போகும். அப்படியானால் பெயர் தெரியாதே என்றால், இங்கேதான் வேடிக்கை. அந்த முதல் பூட்டின் சாவியை, பாக்கெட்டின் மேலேயே எழுதியிருக்கும் ஓர் எண்ணையும் தர ஆவணத்தில் அச்சடித்திருக்கும் ஒரு மாறா எண்ணையும் வைத்து யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டு எடுக்கலாம். வீட்டைப் பூட்டிச் சாவியை வாசல் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற நம்ம ஊர்ப் பழக்கம்தான். ஓரளவு புதிய ஃபயர்வால்கள் தொட்டியைத் தூக்கிச் சாவியை எடுத்து, பெயரைப் படித்துவிடும். உங்களுடையது அந்த ரகமா என்று மாடல் எண் இல்லாமல் சொல்ல முடியாது.

சுலபமான வழி: க்விக்கை, அதாவது வெளியே போகும் யுடிபி 443-ஐ, முழுசாகத் தடுத்துவிடுங்கள். பிரவுசர் ஒன்றிரண்டு முறை முட்டிப் பார்த்துவிட்டுத் தானாகவே டிசிபிக்கு இறங்கிவரும். அங்கே உங்கள் விதி காத்திருக்கும். 'சில சமயம் நிற்கிறது' என்று எழுதினீர்களே, அது டிசிபியில் போன சமயம்.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் வந்த க்ரோம் 124 முதல், குவாண்டம் கம்ப்யூட்டரையும் தாங்கும் சாவி ஒன்றைச் சேர்த்து அனுப்புவதால், கிளையன்ட் ஹலோ பெருத்துவிட்டது. முன்பு ஒரு பாக்கெட்டில் அடங்கியது இப்போது இரண்டாகப் பிரிகிறது. முதல் பாக்கெட்டை மட்டும் படித்து முடிவு செய்யும் பழைய பெட்டிகள் அதில் திணறின. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

ஃபோனில் ஓடுவது பற்றி: அது கடை வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொந்தச் சிம் டேட்டாவில் பார்க்கிறார்கள் என்றால் எந்த ஃபயர்வாலும் உதவாது. ஆடிக் கழிவு நாளில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் இருந்தும், வைஃபையில் இருக்கும் என் ஃபோனில் இருந்தும் ஒரே நாளில் 214 தடவை ஃபேஸ்புக் போயிருப்பதாக மேனேஜர் பிரிண்ட் எடுத்துக் காட்டி, எழுதிக்கொடுக்கச் சொல்கிறார். எனக்கு ஃபேஸ்புக் கணக்கே கிடையாது. நான் யாரிடம் போய்ச் சொல்ல?
பெயர் வேண்டாம், நாகர்கோவில்

இந்தக் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். எழுதிக்கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வையுங்கள்.

மேனேஜர் அவர்களுக்கு: அந்தப் பிரிண்டில் 'ஃபேஸ்புக்' என்று இருப்பதற்கு, 'இந்தப் பெண் ஃபேஸ்புக் பார்த்தார்' என்று அர்த்தம் இல்லை. 'இந்தக் கருவியில் இருந்து ஃபேஸ்புக் பெயருள்ள ஒரு சர்வருக்கு ஏதோ ஒன்று பேசியது' என்பது மட்டும்தான் அர்த்தம். ஃபோனில் இருக்கும் எத்தனையோ செயலிகள், விளையாட்டு, ஷாப்பிங், போட்டோ அலங்காரம் செய்கிற செயலி எல்லாம், தமக்குள்ளே ஃபேஸ்புக் நிறுவனத்தின் நிரல்துண்டு ஒன்றை வைத்திருக்கின்றன. விளம்பரக் கணக்குக்கும், 'ஃபேஸ்புக் மூலம் உள்ளே வருக' பட்டனுக்கும் அது தேவை. செயலியைத் திறந்தாலே அந்தத் துண்டு 'கிராஃப் டாட் ஃபேஸ்புக் டாட் காம்' என்ற பெயரைக் கூப்பிடும். கம்ப்யூட்டரில் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால், அதில் பதிந்திருக்கும் ஃபேஸ்புக் விளம்பரக் கணக்குத் துண்டுக்காகவும் பிரவுசர் போய்த் தட்டிவிட்டு வரும். ஃபயர்வால் எஸ்என்ஐ பெயரைப் பார்க்கிறது, ஃபேஸ்புக் என்று ஒரு கோடு போடுகிறது. கணக்கு இல்லாதவர் பேரிலும் 214 கோடு விழும்.

உண்மையிலேயே பார்த்தாரா என்று தெரிய வேண்டுமானால் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பாரத்தைப் பாருங்கள். அதே ரிப்போர்ட்டில் பைட் கணக்கு என்று ஒரு பத்தி இருக்கும். ஒரு மனுஷர் உட்கார்ந்து படமும் வீடியோவுமாகத் தள்ளிக்கொண்டே போனால் பல எம்பி இறங்கியிருக்கும். 214 தட்டலுக்கும் சேர்த்து சில நூறு கேபி என்றால் அது மிஷின் மிஷினோடு பேசியது. வைக்கோல் லாரியின் டயரைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்த்து அபராதம் போடுகிற மாதிரி இருக்கிறது இந்த விசாரணை.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம், ஃபயர்வால் விற்கிற எங்கள் ஆட்கள்தான் அந்தக் கலர் கலரான ரிப்போர்ட்டைக் காட்டி விற்கிறோம். அந்தப் பெட்டி சொல்வதில் பாதி ஊகம் என்று விற்கும்போது சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

கேள்வி: எங்கள் ஹாஸ்டல் வைஃபையில் விபிஎன் போட்டால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அறுந்துவிடுகிறது. விபிஎன்னுக்குள் பெயரும் தெரியாது, டிஎன்எஸும் தெரியாது. பிறகு எதை வைத்து?
இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவர், குலசேகரம்

தம்பி, ஹாஸ்டல் விதியை மீற நான் வழி சொல்ல மாட்டேன். படிக்கிற பையன், பாடமாகச் சொல்கிறேன்.

நீங்கள் வயர்கார்ட் என்ற விபிஎன் வகையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது கை குலுக்கும் முதல் பாக்கெட் எப்போதும் 148 பைட், பதில் எப்போதும் 92 பைட். முதல் பைட் 1, பதிலில் 2. உள்ளே ஓர் எழுத்துகூடப் படிக்காமல் இது போதும். ஓபன்விபிஎன்னுக்கும் அப்படி ஒரு நடை உண்டு. 2022-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் இணைய நிறுவனத்தின் உண்மையான போக்குவரத்தில் வைத்துச் சோதித்து, ஓபன்விபிஎன் இணைப்புகளில் 85 விழுக்காட்டுக்கு மேல் அடையாளம் கண்டார்கள்.

சரி, எந்த அடையாளமும் இல்லாமல் முழுக்கக் குழப்பமான எண்களாகவே அனுப்பினால்? 2021 நவம்பரில் சீன அரசின் இணையத் தணிக்கை ஏற்பாடான 'பெருஞ்சுவர்' அதற்கும் ஒரு வழி கண்டது. முதல் பாக்கெட்டில் 1-களும் 0-க்களும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்து, படிக்கக்கூடிய எழுத்தும் போதிய அளவு இல்லை என்றால், 'இவ்வளவு அடையாளம் தெரியாமல் வருகிறவன் யாரோ ஒளிகிறான்' என்று அறுக்கத் தொடங்கியது. முகத்தை முழுக்கத் துண்டால் மூடிக்கொண்டு நகைக்கடைக்குள் நுழைகிறவனைத்தான் காவலாளி முதலில் பிடிப்பார்.

'கொஞ்ச நேரம் ஓடிவிட்டு' என்றீர்களே, அதுவும் நல்ல கவனிப்பு. ஃபயர்வாலுக்கு முதல் பாக்கெட்டைப் பார்த்ததும் பெயர் தெரிந்துவிடாது. சில பாக்கெட்களைப் போகவிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பு எழுதும். நடையை வைத்துப் பிடிக்கும் வகை என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். அதுவரை உங்களுக்கு ஓடும்.

உங்களுக்கு இன்னொரு சங்கதி பிடிக்கும். கிளையன்ட் ஹலோவில் பெயரைத் தவிர, 'எனக்கு இன்னின்ன பூட்டு தெரியும், இந்த வரிசையில் பிடிக்கும்' என்றொரு பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியல் க்ரோமுக்கு ஒரு மாதிரி, ஃபயர்ஃபாக்ஸுக்கு வேறு மாதிரி, ஒரு வைரஸ் நிரலுக்கு இன்னொரு மாதிரி. ஒருவர் வீட்டு வாசலில் வந்து 'குடிக்க இத்திரி வெள்ளம் கிட்டுமா' என்றால் விளவங்கோட்டுப் பக்கம் என்றும், 'தண்ணி தாங்க' என்றால் தோவாளைக்குக் கிழக்கே என்றும் நாம் ஊகிக்கிறோம் இல்லையா, அந்த வித்தை. 2017-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் இருந்த மூன்று பேர் அந்தப் பட்டியலை ஒரு சின்னக் கைரேகையாகச் சுருக்கும் முறையை வெளியிட்டார்கள். பெயர் ஜேஏ3. 2023 தொடக்கத்தில் க்ரோம் தன் பட்டியலில் ஒரு பகுதியை ஒவ்வொரு முறையும் சீட்டுக்கட்டு மாதிரிக் குலுக்கி அனுப்பத் தொடங்கியதும் அந்தக் கைரேகை பாழாயிற்று. அதே வருடம், குலுக்கியதை அகரவரிசை மாதிரி அடுக்கிவைத்துவிட்டுக் கைரேகை எடுக்கும் ஜேஏ4 வந்தது.

இன்னும் கேளுங்கள். க்ரோம் அந்தப் பட்டியலில் வேண்டுமென்றே பொருளில்லாத எண்களையும் கலந்து அனுப்பும். இதற்கு 'கிரீஸ்' என்றே பெயர். தெரியாத எண் வந்தால் சர்வர்களும் ஃபயர்வால்களும் பதறாமல் தாண்டிப்போகப் பழக வேண்டும் என்பதற்காக. துருப்பிடிக்காமல் கீலுக்கு எண்ணெய் விடுவதுபோல.

2017-இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பூட்டிய வீடியோவில், நீங்கள் பார்ப்பது எந்த வீடியோ என்பதையே சொல்லலாம் என்று காட்டினார்கள். சண்டைக் காட்சிக்கு டேட்டா கூடும், இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் குறையும். வீடியோ சில நொடித் துண்டுகளாக இறங்கும்போது அந்த ஏற்ற இறக்கம் வெளியே தெரியும். முன்கூட்டியே அளந்துவைத்த பட்டியலோடு ஒப்பிட வேண்டியதுதான் பாக்கி. தோவாளைச் சந்தையில், மூடிய கூடையைக் கையில் தூக்கிப் பார்த்தே பிச்சியா அரளியா என்று சொல்கிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட இது ஒன்றும் பெரிய மாயம் இல்லைதான், ஆனாலும்.

கேள்வி: என் மகன் வேலை செய்யும் கம்பெனியில் அவர்கள் கொடுத்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கு பார்த்தால், கம்பெனிக்கு பாஸ்வேர்டு தெரியுமா?
ஓய்வுபெற்ற டீச்சர், இரணியல்

தெரிய வாய்ப்புண்டு டீச்சர். இதுவரை சொன்னதெல்லாம் தார்ப்பாயை அவிழ்க்காமல் ஊகிப்பது. இது அவிழ்ப்பது.

கம்பெனி தன் சொந்தச் சான்றிதழ் ஒன்றை லேப்டாப்பில் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடும். பிறகு உங்கள் மகன் வங்கிக்குப் போனால், நடுவில் ஃபயர்வால் 'நான்தான் வங்கி' என்று ஒரு சான்றிதழை அந்த நிமிடமே அச்சடித்து நீட்டும். லேப்டாப் நம்பும். ஃபயர்வால் இந்தப் பக்கம் திறந்து படித்து, அந்தப் பக்கம் உண்மையான வங்கியோடு புதுப் பூட்டு போட்டு அனுப்பும். கம்பெனி லேப்டாப் கம்பெனியுடையது, வைரஸ் உள்ளே வருவதைப் பிடிக்கவும் இது தேவைப்படுகிறது, ஆகவே செய்கிறார்கள். நல்ல நிர்வாகம் என்றால் வங்கி, மருத்துவத் தளங்களை அவிழ்க்காமல் விடும்.

கண்டுபிடிப்பது எளிது. பிரவுசரில் முகவரிக்கு இடதுபக்கம் உள்ள அடையாளத்தை அழுத்தி, சான்றிதழைத் திறந்து, 'வழங்கியவர்' என்ற வரியைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே மகன் வேலை பார்க்கும் கம்பெனி பெயரோ ஃபயர்வால் கம்பெனி பெயரோ இருந்தால், நடுவில் ஆள் இருக்கிறது.

இதை நானே செய்து அவமானப்பட்ட கதை உண்டு. நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்வக்கோளாறில் இந்த வசதியை எல்லாக் கருவிக்கும் போட்டுவிட்டேன். ஃபோன்களுக்கும் சேர்த்து. மறுநாள் 20-ஆம் தேதி என்பதை மறந்துவிட்டேன். ஜிஎஸ்டி மாதக் கணக்குக்குக் கடைசி நாள். காலை பத்து மணிக்கு ஃபோன்: ஒருத்தர் ஃபோனிலும் வங்கிச் செயலி திறக்கவில்லை, பணம் கட்ட முடியவில்லை. ஆண்ட்ராய்டு 7-இல் இருந்து, அதாவது 2016-இல் இருந்து, நாம் பின்னால் சேர்த்த சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. அது போதாதென்று வங்கிச் செயலிகள் தம் சர்வரின் சாவி எது என்பதை உள்ளேயே பதித்துவைத்திருக்கும், வேறு எதை நீட்டினாலும் கதவைச் சாத்திக்கொள்ளும். மிகச் சரியாகத்தான் நடந்துகொண்டன. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வடசேரி நெரிசலில் நான் போய்ச் சேருவதற்குள் பதினோரு மணி. ஆடிட்டர் சார் ஒன்றும் திட்டவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டி, "இரும், எல்லாரும் கட்டி முடிச்சப்புறம் போவும்" என்றார். சாயங்காலம் ஆறரை வரை அங்கேயே இருந்தேன்.

கேள்வி: இனிமேல் அந்தப் பெயரையும் மறைக்கப்போகிறார்களாமே? அப்போது ஃபயர்வால் தொழில் படுத்துவிடுமா?
கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், அருமனை

படுக்காது. ஈசிஹெச் என்று ஒன்று வந்திருக்கிறது. கிளையன்ட் ஹலோவுக்குள் இன்னொரு ஹலோவை வைத்துப் பூட்டி அனுப்பும். வெளியே பொதுப் பெயர் ஒன்று மட்டும் தெரியும். பல தளங்களுக்கு முன்னால் நின்று அவற்றின் போக்குவரத்தை வாங்கித் தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்துக்குப் பின்னால் இருக்கும் எத்தனையோ தளங்களுக்கும் வெளியே ஒரே பெயர்தான். 2023-இல் க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இதைச் சேர்த்தன. 2024 நவம்பரில் ரஷ்யா அந்தப் பொதுப் பெயரைப் பார்த்தே இணைப்பை அறுக்கத் தொடங்கியது.

ஆனால் உள்ளே பூட்டுவதற்கான சாவி எங்கிருந்து வருகிறது? டிஎன்எஸ் பதிலில் இருந்து. திரும்பவும் அதே பைக். ஆபீஸுக்குள் டிஎன்எஸ் உங்கள் கையில் இருந்தால் அந்தச் சாவி வரியை நீக்கிவிட்டுப் பதில் கொடுக்கலாம், பிரவுசர் பழைய மாதிரி பெயரைச் சொல்லிவிடும். ஆகவே இப்போது சண்டையெல்லாம் டிஎன்எஸ் யார் கையில் என்பதில்தான். டிஎன்எஸையே பூட்டி அனுப்பும் வழியை 2018-இல் தரமாக்கினார்கள். அதுவும் 443-இலேயே போவதால் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடும். பெயர் தெரியாத நாள் வந்தால் நடையைப் பார்ப்பது கூடும், ஊகம் கூடும், அந்த கிளினிக் பெண் மாதிரிக் கடிதங்களும் கூடும்.

கேள்வி: பூட்டு படம் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாமா?
வாசகர், முட்டம்

கூடாது. மோசடித் தளத்துக்கும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும். திருடனோடு ரகசியமாகப் பேசுகிறீர்கள் என்பதற்கும் அதே பூட்டுதான். இந்தக் குழப்பத்தினால் க்ரோம் 2023-இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் ராத்திரி முழுக்க ஃபோனில். ரவுட்டரில் 'பேரன்டல் கண்ட்ரோல்' போட்டும் பலன் இல்லை. பெரிய ஃபயர்வால் வாங்கட்டுமா?
அம்மா ஒருவர், திருவட்டார்

வாங்க வேண்டாம். வீட்டு ரவுட்டரில் உள்ள அந்த வசதி பெரும்பாலும் டிஎன்எஸ் பெயரை மட்டும் பார்ப்பது. ஆண்ட்ராய்டு 9-இல் இருந்து ஃபோன் செட்டிங்கில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு பெயரைப் போட்டால் ரவுட்டரைத் தாண்டிவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரியும், என் மகள் மூலம் எனக்கே தெரியும். அந்தக் கேள்வி வழக்கமாகப் போகும் 853-ஆம் போர்ட்டை ரவுட்டரில் தடுத்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபடும்.

அதைவிட எளிது, பத்து மணிக்கு ரவுட்டரின் ஸ்விட்சை அணைத்துவிடுவது. பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு பையனுக்குத் தெரியுமா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துவைத்துக்கொள்ளுங்கள்.